தலைமைப் பதவிக்கு ஒருவர் போதுமா, மூன்று பேர் வேண்டுமா?

ஒரு நிறுவனத்தின் சி.இ.ஓ. இன்னும் ஒரு வருடத்தில் விலகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இயக்குநர் குழுவுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. பல வருடங்களாகப் பக்கத்திலேயே வைத்து வளர்த்த ஒருவரிடம் பதவியைக் கொடுத்துவிடலாம். உள்ளே இருக்கும் இரண்டு மூன்று பேரை வெளிப்படையாகப் போட்டியிட விடலாம். சேர்மனுக்குப் பிடித்த வெளியாள் ஒருவரை நேராகப் போய் அழைத்து வரலாம். அல்லது உள்ளேயும் வெளியேயும் தேடி, வலுவான மூன்று பேரைச் சத்தமில்லாமல் கடைசிச் சுற்று வரை கொண்டுவந்து, அவர்களில் ஒருவரை எடுக்கலாம். நான் நான்காவது வழியின் பக்கம். ஆனால் மற்ற வழிகளும் ஜெயித்த இடங்கள் உண்டு. நான்காவது வழி பெயரளவுக்கு மட்டும் நடந்து கெட்டுப்போன இடமும் உண்டு.

முதலில் ஒற்றை வாரிசு. இது நன்றாக அமைந்ததற்கு ஆப்பிளைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நியாயமாகவே. 2011 ஆகஸ்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் ராஜினாமாக் கடிதத்திலேயே டிம் குக்கைப் பரிந்துரைத்தார். குக் 1998-இல் அங்கே சேர்ந்தவர். 2004, 2009, 2011 என மூன்று முறை ஜாப்ஸ் மருத்துவ விடுப்பில் போனபோது அன்றாடப் பொறுப்பை ஏற்று நிறுவனத்தை நடத்தியவர். அந்த வேலையை அவரால் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு வேலையே மூன்று முறை பதில் சொல்லிவிட்டது. ஒருவரைப் பற்றி இந்த அளவுக்குத் தெரிந்திருந்தால் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தி ஒப்பிட வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை.

பெரும்பாலான நிறுவனங்களில் வாரிசு என்று சொல்லப்படுபவருக்கு அப்படி ஒரு சோதனை நடந்திருக்காது. இப்போதைய தலைவரின் நிழலில் அவர் வேலை பார்த்திருப்பார், தலைவரே அவரைப் பற்றி இயக்குநர்களிடம் நல்லவிதமாகச் சொல்லியிருப்பார். விசுவாசம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க குழுவுக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது. அந்த ஒருவர் வேறு இடத்துக்குப் போய்விட்டாலோ உடல்நலம் கெட்டாலோ கையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே வாரிசை வளர்க்க விரும்பும் குழு குறைந்தது இருவரையாவது வளர்க்க வேண்டும். ஆறு மாதமாவது அந்த வாரிசு தனியாக ஒரு பெரிய பிரிவின் லாப நஷ்டத்தைச் சுமந்திருக்க வேண்டும்.

வெளியாளை அவசரமாகக் கொண்டுவருவதற்கு வருவோம். 2010 ஆகஸ்ட் 6 அன்று எச்.பி. நிறுவனத்தின் தலைவர் மார்க் ஹர்ட் திடீரென விலகினார். எட்டு வாரத்துக்குள், செப்டம்பர் 30 அன்று, ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி.யின் முன்னாள் தலைவர் லியோ அபோதெக்கரின் பெயர் அறிவிக்கப்பட்டது. 12 பேர் கொண்ட குழுவில் நான்கு பேர் தேடல் பொறுப்பில் இருந்தார்கள். அவர்கள் பட்டியலை மூன்று பேராகச் சுருக்கி, மற்ற இயக்குநர்களையும் அந்த மூவரைச் சந்திக்கச் சொன்னார்கள், யாரும் முன்வரவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் பின்னர் எழுதியது. அபோதெக்கர்தான் என்று முடிவான பிறகும் மற்றவர்கள் அவரைப் பார்க்கவில்லை. ஆண்டுக்கு 12,600 கோடி டாலர் வருவாய் உள்ள நிறுவனத்தை, பெரும்பாலான இயக்குநர்கள் முகம் பார்த்துப் பேசியிராத ஒருவரிடம் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று, ஒரே நாளில், டேப்லெட் மற்றும் போன் தயாரிப்பை நிறுத்துவது, கணினிப் பிரிவைப் பிரித்துவிட யோசிப்பது, ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்கு ஆட்டானமி என்ற மென்பொருள் நிறுவனத்தை வாங்குவது என்று அபோதெக்கர் அறிவித்தார். செப்டம்பர் 22 அன்று அவர் நீக்கப்பட்டார். பதினோரு மாதம்கூட ஆகவில்லை. 2012 நவம்பரில் ஆட்டானமி தொடர்பாக எச்.பி. 880 கோடி டாலர் மதிப்பிழப்பைக் கணக்கில் காட்ட வேண்டி வந்தது. இதில் என்னை வருத்துவது வேறொன்று. காகிதத்தில் அங்கே மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் ஒருவரையும் பார்க்கவில்லை. அப்படியென்றால் பட்டியலில் மூன்று பெயர் இருந்து என்ன பயன்?

இன்ஃபோசிஸின் கதை வேறு மாதிரி. அங்கே உள்ளேயே ஆட்கள் இருந்தார்கள். 2013 ஜூனில் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி மறுபடி பொறுப்புக்கு வந்த பிறகு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அந்த ஆகஸ்டில் அசோக் வேமுரி போனார், ஐகேட் நிறுவனத்தின் சி.இ.ஓ. ஆனார். டிசம்பரில் வி. பாலகிருஷ்ணன். 2014 ஜனவரியில் பி.ஜி. சீனிவாஸ், பிரவீண் ராவ் இருவரும் பிரசிடென்ட் பதவிக்கு உயர்த்தப்பட்டார்கள், அடுத்த சி.இ.ஓ. இவர்களில் ஒருவராக இருக்கலாம் என்று பேச்சு எழுந்தது. மே மாதக் கடைசியில் சீனிவாஸும் விலகினார். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 12 அன்று, எஸ்.ஏ.பி.யிலிருந்து வந்த விஷால் சிக்கா நிறுவனர் அல்லாத முதல் சி.இ.ஓ. என்று அறிவிக்கப்பட்டார். 2017 ஆகஸ்டில் அவரும் விலக, பிரவீண் ராவ் இடைக்காலப் பொறுப்பை ஏற்றார், 2018 ஜனவரியில் சலீல் பரேக் வந்தார். சிக்காவின் தேர்வு சரியா தவறா என்பதில் பல கருத்துகள் உண்டு. எனக்குப் படுவது, உள்ளிருந்து வந்திருக்கக்கூடிய பெயர்ப் பட்டியலின் கதி 2014 ஜூனில் தீர்மானமாகவில்லை, அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் நடந்த ஒவ்வொரு விலகலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்மானமானது என்பதுதான். தேர்வுக் குழு உட்காரும் நாளில் உள்ளிருந்து வலுவான பல பெயர்கள் வேண்டுமென்றால், அந்தப் பெயர்காரர்கள் அதுவரை அங்கே தங்குவதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

இப்போது வெளிப்படையான உட்போட்டி. இதில் ஜெனரல் எலெக்ட்ரிக்கை (ஜி.இ.) மிஞ்சிய நிறுவனம் கிடையாது. 1970-களின் இறுதியில் அதன் தலைவர் ரெஜ் ஜோன்ஸ், வாய்ப்புள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். நீங்களும் நானும் கம்பெனி விமானத்தில் போகிறோம், விமானம் விழுந்து இருவரும் செத்துவிட்டோம், அடுத்த தலைவராக யார் வர வேண்டும்? பிறகு இன்னொரு சுற்று. இந்த முறை ஜோன்ஸ் மட்டும் இறக்கிறார், நீங்கள் பிழைத்துக்கொள்கிறீர்கள், இப்போது சொல்லுங்கள். தன்னைப் பற்றி ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, சகாக்கள் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது அதில் வெளிவந்தது. 1981-இல் ஜாக் வெல்ச் தலைவரானார்.

வெல்ச் தன் வாரிசுத் தேர்வை 1994-லேயே தொடங்கினார். கடைசியில் மூன்று பேர் நின்றார்கள்: ஜெஃப் இம்மெல்ட், ஜிம் மெக்நெர்னி, பாப் நார்டெல்லி. மூவரும் மூன்று பெரிய பிரிவுகளை வெற்றிகரமாக நடத்தியவர்கள். ஊடகங்கள் அதை ஒரு பந்தயமாகவே எழுதின. தோற்கும் இருவரும் போய்விடுவார்கள் என்று வெல்ச்சுக்குத் தெரியும். அதனால் 2000-ஆம் ஆண்டின் நடுவிலேயே மூன்று பிரிவுகளுக்கும் அடுத்த ஆளை நியமித்துவிட்டார். நவம்பரில் இம்மெல்ட்டின் பெயர் வந்தது. ஓரிரு வாரத்துக்குள் மெக்நெர்னி த்ரீ எம் நிறுவனத்துக்கும், நார்டெல்லி ஹோம் டிப்போவுக்கும் தலைவர்களாகப் போக ஏற்பாடாகிவிட்டது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். இம்மெல்ட் 16 வருடம் இருந்தார், அந்தக் காலத்தில் ஜி.இ. பழைய மதிப்பைத் திரும்பப் பெறவே இல்லை, 2018-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீட்டிலிருந்தும் நீக்கப்பட்டது. நார்டெல்லி 2007 ஜனவரியில் ஹோம் டிப்போவை விட்டுப் போக நேர்ந்தது. மெக்நெர்னி த்ரீ எம்மில் நல்ல பெயர் எடுத்து 2005-இல் போயிங்குக்குப் போனார். ஆறு வருடம் தேடியும் இப்படியா என்று கேட்கலாம். தேர்வு முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் எதிர்காலத்தை அது காட்டாது. ஆனால் முறையிலேயே ஒரு குறை இருந்தது என்பது என் கருத்து. மூவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே பாடத்தைப் படித்தவர்கள். வெளியிலிருந்து பார்த்து, இந்த நிறுவனத்தின் நிதிப் பிரிவு இவ்வளவு பெருத்தது ஆபத்து என்று சொல்லக்கூடிய ஒரு நான்காவது ஆள் அந்த வரிசையில் இல்லை. அந்த நிதிப் பிரிவுதான் 2008 நெருக்கடியில் நிறுவனத்தை உலுக்கியது. முதல் வெளியாளான லாரி கல்ப் வர 2018 அக்டோபர் ஆயிற்று.

ஆக, வலுவான பலர் இருந்தால் மட்டும் போதாது, அவர்கள் வெவ்வேறு விதமானவர்களாகவும் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் இதைச் செய்தது. 2013 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டீவ் பால்மர் விலகப் போவதாக அறிவித்தார். தேடலை நடத்திய ஜான் தாம்சன் அந்த டிசம்பரில் பொதுவில் சொன்ன கணக்கு இது: நூறு பேருக்கு மேல் அடையாளம் கண்டோம், சில டஜன் பேரோடு பேசினோம், பிறகு இருபது பேர் அளவில் கூர்ந்து பார்த்தோம். ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைவர் ஆலன் முலாலியின் பெயர் பலமாக அடிபட்டது. 2014 ஜனவரியில் அவர் ஃபோர்டிலேயே இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். பிப்ரவரி 4 அன்று சத்ய நாதெல்லாவின் பெயர் வந்தது. 1992 முதல் அங்கேயே இருந்தவர்.

கடைசியில் வீட்டுக்குள் இருந்தவரைத்தான் எடுத்தார்கள் என்றால், ஐந்து மாதம் எதற்கு இவ்வளவு அலைச்சல்? அந்த ஐந்து மாதம்தான் நாதெல்லாவுக்குக் கிடைத்த அதிகாரம் என்று நான் நினைக்கிறேன். பக்கத்தில் நின்றதால் கிடைத்த பதவி என்று யாரும் சொல்ல முடியாது. வந்த வேகத்தில் இணையவழிக் கணினிச் சேவையான கிளவுடை மையத்துக்குக் கொண்டுவரவும், அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் வாங்கியிருந்த நோக்கியா போன் வணிகத்தின் மதிப்பில் பெரும்பகுதியைக் கணக்கிலிருந்து நீக்கவும் குழுவின் முழு ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. பலரோடு ஒப்பிட்டு எடுத்த ஆளுக்குப் பின்னால் குழு நிற்கும். முலாலி பின்வாங்கியபோதும் தேடல் நிலைகுலையவில்லை, ஏனென்றால் அது அவர் ஒருவரை நம்பி நடக்கவில்லை.

வலுவான பலர் இருப்பதால் கிடைக்கும் பெரிய நன்மையாக எல்லோரும் சம்பளப் பேரத்தைச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் சிறிய நன்மை. பெரிய நன்மை, பிடித்தவரைப் பற்றிக் கெட்ட செய்தி வரும்போது அதைக் காது கொடுத்துக் கேட்கும் தைரியம். ஒரே ஆள்தான் கையில் என்றால், ரெஃபரன்ஸ் கேட்கும்போது முன்னாள் சகா ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசினால்கூட, அது பழைய பகையாக இருக்கும் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை நிறுவனம் மாறியதற்கு அவர் சார்பாக நாமே காரணம் கண்டுபிடிப்போம். நான்கு மாதம் தேடியாயிற்று, பங்குச் சந்தைக்குச் சொல்லியாக வேண்டும், இனி புதிதாக யாரைப் போய்ப் பார்ப்பது? இரண்டாவது ஆளும் அதே தரத்தில் இருந்தால் அந்தச் செய்தி செய்தியாகவே காதில் விழும். வேண்டாம் என்று சொல்வதற்கு ஆகும் விலை குறைகிறது.

இன்னொன்றும் நடக்கும். தனியாகப் பார்க்கும்போது அழகாகத் தெரியும் பட்டுப்புடவையின் நிறம், கடைக்காரர் பக்கத்தில் இன்னொன்றை விரித்ததும் வேறாகத் தெரியும். செலவைக் குறைத்து நிறுவனத்தை நிமிர்த்திய ஒருவரையும் புதிய சந்தையில் நுழைந்து வளர்த்த ஒருவரையும் அடுத்தடுத்த நாளில் சந்தித்த பிறகுதான், நமக்கு இப்போது வேண்டியது எது என்ற வாக்குவாதமே குழுவுக்குள் தொடங்கும். அந்த வாக்குவாதம் ஆள் வந்த பிறகு நடப்பதைவிட முன்னால் நடப்பது நல்லது.

ஆனால் பட்டியலில் இருக்கும் எல்லோரும் நிஜமான ஆட்களா என்று பார்க்க வேண்டும். முன்பே மனதில் வைத்த ஒருவரைத் தூக்கிக் காட்ட, ஒப்புக்கு இருவரைச் சேர்த்துக் கொண்டுவருவது ஆள் தேடித் தரும் தொழிலில் நடக்கிறது. கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: முதலாமவர் இன்று மாலை பின்வாங்கினால், நாளைக் காலை இவருக்கு மனநிறைவோடு ஆஃபர் லெட்டர் கொடுப்போமா? தயக்கம் வந்தால் அவர் பட்டியலில் இல்லை என்றுதான் அர்த்தம். இப்படி ஆள் தேடித் தரும் தேடல் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தங்கள் வாடிக்கையாளர் நிறுவனங்களிலிருந்து ஆள் எடுப்பதில்லை என்று அந்த நிறுவனங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. பெரிய தேடல் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் அதிகம், அதனால் தொட முடியாத இடங்களும் அதிகம். உங்கள் துறையில் யாரிடமிருந்தெல்லாம் அவர்களால் ஆள் எடுக்க முடியாது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் வழக்கமாக முதல் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, தவணைகளில். ஒருவரைக் காட்டினாலும் நான்கு பேரைக் காட்டினாலும் அதே தொகைதான்.

இந்தியத் தனியார் வங்கிகளில் இந்த விஷயம் ஓரளவு விதியாகவே வந்துவிட்டது. தலைவரின் நியமனத்துக்கு ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் வேண்டும், அதற்குப் பெயர்களை விருப்ப வரிசையில் அனுப்புகிறார்கள். ஆதித்ய புரி 26 வருடம் நடத்திய எச்.டி.எஃப்.சி. வங்கி 2020-இல் மூன்று பெயர்களை அனுப்பியது: உள்ளிருந்து சசிதர் ஜெகதீசன், கைசாத் பரூச்சா, வெளியிலிருந்து சிட்டி வங்கியின் சுனில் கார்க். ஜெகதீசனுக்கு ஒப்புதல் வந்தது. பரூச்சா வங்கியிலேயே தொடர்ந்து, 2023-இல் துணை நிர்வாக இயக்குநரானார். ஜி.இ.யில் தோற்றவர்கள் போய்விட்டார்கள், இங்கே ஒருவர் தங்கினார். பந்தயம் மைதானத்தில் நடக்காதது இதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

செலவுகள் இல்லாமல் இல்லை. நேரம் பிடிக்கும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் சி.இ.ஓ. இடம் காலியானால் மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று 2023-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதி கொண்டுவந்தது. காலியான பிறகு தேடத் தொடங்கினால் மூவரைச் சேர்ப்பது கஷ்டம். ஆகவே தேடலை முன்பே தொடங்க வேண்டும். அடுத்தது ரகசியம். நல்ல வேலையில் இருப்பவரின் பெயர் கசிந்தால் அவர் உடனே விலகிக்கொள்வார். மூன்றாவதாக, வலுவான இருவருக்குப் பின்னால் குழு இரண்டாகப் பிரிந்து, கடைசியில் யாருக்கும் பிடிக்காமலும் யாரும் வெறுக்காமலும் இருக்கும் மூன்றாமவரிடம் போய் நிற்கலாம். அடுத்த இரண்டு வருடத்தில் இந்தப் பதவியில் இருப்பவர் முடிக்க வேண்டிய நான்கைந்து வேலைகளை, பெயர்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைப்பதுதான் இதற்குத் தெரிந்த ஒரே தடுப்பு. உள்ளிருப்பவரை எடைபோடுவதில் ஒரு அநியாயமும் நடக்கும். அவருடைய பத்து வருடக் குறைகள் நமக்கு மனப்பாடம், வெளியாளின் குறைகள் இன்னும் கண்ணில் படவில்லை. இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவு ரெஃபரன்ஸ் எடுத்தால் இது கொஞ்சம் சமமாகும்.

பெரிய செலவு, தேர்வாகாத நல்லவர். 2006-இல் பெப்சிகோவில் இந்திரா நூயிக்கும் மைக் வைட்டுக்கும் இடையில் நூயி தேர்வானார். சென்னையில் பிறந்து வளர்ந்த அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, விடுமுறையில் இருந்த வைட்டைத் தேடி கேப் காட் கடற்கரைக்கே விமானத்தில் போய், தங்கும்படி கேட்டது. அவருடைய சம்பளத்தையும் உயர்த்த ஏற்பாடு செய்தார். வைட் 2009 இறுதி வரை இருந்தார், பிறகு டைரக்டிவி என்ற தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவராகப் போனார். ஒரு புதிய தலைவருக்கு அந்த மூன்று வருடம் எவ்வளவு பெரிய துணை! இதைப் புதிய தலைவரின் நல்ல மனதுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. யாருக்குக் கிடைக்கவில்லையோ அவருக்கு என்ன பொறுப்பு, என்ன சம்பளம், யார் போய்ப் பேசுவது என்பதைக் குழு அறிவிப்புக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

கோவையிலோ ஓசூரிலோ இருக்கும் ஒரு குடும்ப நிறுவனம் முதல் முறையாக வெளியிலிருந்து சி.இ.ஓ. தேடுகிறது என்றால், இவ்வளவும் நமக்கு எட்டாது என்று தோன்றலாம். பெரும்பாலும் நடப்பது, ஆடிட்டரோ நண்பரோ ஒருவரைச் சொல்வார், இரண்டு சந்திப்பில் முடிந்துவிடும். அந்த ஒருவர் உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம். இருந்தாலும் இன்னும் இருவரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். பெரிய நிறுவனங்களில் இரண்டாம் வரிசையில் பத்து வருடமாக இருந்து, தனியாக ஒரு தொழிலை நடத்திக் காட்டத் துடிக்கும் ஆலைத் தலைவர்கள், விற்பனைத் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாதிப் பேர் வேலை தேடுவதில்லை, யாராவது கேட்டால்தான் யோசிப்பார்கள். சொந்த நிறுவனத்தின் ஜெனரல் மேனேஜரையும் வரிசையில் உட்கார வையுங்கள், நிஜமாகவே.

கடைசியாக, தேர்வு முடிந்ததும் இரண்டாமவரை உடனே அனுப்பிவிட வேண்டாம். இங்கே மேல்மட்டப் பதவிகளில் மூன்று மாத நோட்டீஸ் பீரியட் சாதாரணம். அந்த மூன்று மாதத்தில் பழைய நிறுவனம் அவரைத் தக்கவைக்க கவுன்டர் ஆஃபர் கொடுக்கும், முதலாமவர் மனம் மாறலாம். இரண்டாமவரிடம் நேர்மையாகச் சொல்லுங்கள்: நீங்கள் இரண்டாவதாக வந்தீர்கள், காரணம் இது, ஆனால் உங்களை எடுத்திருந்தாலும் நாங்கள் மகிழ்ந்திருப்போம், முதலாமவர் வந்து சேரும் வரை பேச்சைத் திறந்து வைக்கச் சம்மதமா? பலர் சம்மதிப்பார்கள். அதைச் சொல்ல வேண்டியது சேர்மன், தேடல் நிறுவனத்தின் ஆள் அல்ல. மின்னஞ்சலில் வேண்டாம், நேரில் சொல்லுங்கள்.